பத்தாம் கேள்விக்கு மூன்று வரிகள்

போன மாதம் நான் வேலை பார்த்த வேதபாட நிலையத்திலிருந்து இரண்டு பேர் லோத்குண்டாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். தபால் வழி வேதபாடம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாம். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, ஒரே ஒரு கேள்வியை மட்டும் கம்ப்யூட்டரால் திருத்த முடியவில்லை, அதை உங்கள் காலத்தில் எப்படித் திருத்தினீர்கள் என்று கேட்டார்கள். பத்தாம் கேள்வியா என்றேன். ஆமாம் சார் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. முகத்துக்கு நேரே சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது செகந்திராபாத் ரயில்வே காலனியில். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டில் வேலூர்த் தமிழ், தெருவில் தெலுங்கும் உருதுவும். தமிழைப் பிழையில்லாமல் எழுதுவேன் என்ற ஒரே தகுதியில் மல்லாபூரில் இருந்த வேதபாட நிலையத்தின் தமிழ்ப் பிரிவில் திருத்துநர் வேலை கிடைத்தது. பயிற்சி மூன்று நாள். முதல் நாள் பேனாவில் பச்சை மை நிரப்பக் கற்றுக்கொண்டேன். இரண்டாம் நாள் 'சரி' குறியை எல்லாத் தாளிலும் ஒரே அளவில் போடக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் நாள் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் லீவு. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது எதுவும் இல்லை.

எங்கள் பாடங்களில் அதிகம் பேர் கேட்டு வாங்கியது ஒன்றுதான். அப்போஸ்தலன் தெசலோனிக்கே பட்டணத்துச் சபைக்கு எழுதிய இரண்டு நிருபங்கள். விசுவாசம், உபத்திரவத்தில் பொறுமை, கடைசி நாட்கள், கர்த்தருடைய வருகை, எல்லாம் அதில் உண்டு. இரண்டு நிருபத்திலும் சேர்த்து எட்டு அதிகாரம், ஆகவே எட்டுப் பாடம். மாணவர் ஒரு பாடத்தைப் படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் இருக்கும் பதில்தாளை நிரப்பித் தபாலில் போட வேண்டும். நாங்கள் அதைத் திருத்தி அடுத்த பாடத்தோடு திருப்பி அனுப்புவோம். ஆலைத் தொழிலாளிகள், ரயில்வே குடும்பங்கள், அப்போதுதான் ஊரிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் பிள்ளைகள் என்று எல்லாரும் படித்தார்கள்.

ஒவ்வொரு தாளிலும் பத்துக் கேள்வி. முதல் ஒன்பதுக்கும் சரியான விடை எதுவோ அதற்குக் கட்டம் போட வேண்டும். எங்களிடம் ஓட்டை வெட்டிய அட்டை ஒன்று இருந்தது. அதைத் தாளின் மேல் வைத்தால், சரியான கட்டமெல்லாம் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும். ஒரு தாளுக்கு முக்கால் நிமிடம் போதும். பத்தாம் கேள்வி எல்லாப் பாடத்துக்கும் ஒன்றே: 'இதை உன் வாழ்வில் எப்படிக் கைக்கொள்வாய்?' அதற்குக் கீழே மூன்று கோடுகள் இருக்கும். மூன்று கோடும் நிரம்பியிருந்தால் பத்து மதிப்பெண். இரண்டு நிரம்பியிருந்தால் ஏழு. ஒன்று என்றால் ஐந்து. மூன்றாவது கோட்டில் பாதிவரை எழுதியிருந்தால் ஸ்கேல் வைத்து அளப்போம். இதைச் சட்டமாக்கியவர் எங்கள் டைரக்டர் பாக்கியநாதன் ஐயா. மனுஷனுடைய இருதயத்துக்கு மதிப்பெண் போட நமக்கு அதிகாரம் இல்லை, கோட்டுக்குப் போடலாம் என்பார்.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் உற்சாகமூட்டும் ஒரு வாசகமும் எழுத வேண்டும். அதற்கும் ஐயா ஐந்து வாசகங்களை எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். மிக நன்று. ஆசீர்வாதம் உண்டாவதாக. இப்படியே செய்யுங்கள். தொடர்ந்து முன்னேறுங்கள். உங்கள் விசுவாசம் பெரிது. இவற்றை வரிசை மாறாமல் எழுத வேண்டும். முதல் தாளுக்கு முதல் வாசகம், இரண்டாம் தாளுக்கு இரண்டாவது, ஐந்து முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. ஒருவருக்கு ஒன்று கூட, ஒருவருக்கு ஒன்று குறைய என்ற பாரபட்சம் வரக்கூடாது பாருங்கள்.

ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும், "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் பிரதர்" என்று ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து, ஏற்கெனவே இருக்கும் சட்டத்தை அப்படியே சொல்வார். அதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. எதையும் நானாக முடிவு செய்ய வேண்டியதில்லை.

இப்படி இருபத்திரண்டு வருடம் போனது. தொண்ணூற்றொன்பதாம் வருடம் மழை முடிந்த சமயம், ஒரு நாள் காலையில் ஒரு பெண் அலுவலகத்துக்குள் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். திருத்திய பதில்தாள் ஒன்றை என் மேஜையில் விரித்து வைத்தார்.

"அய்யா, இந்தப் பச்ச மை உங்க எழுத்தா?"

ஆமாம் என்றேன்.

"நான் மெர்சி. குஷாய்குடாவுல பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருக்கேன். இது எங்க வீட்டுக்காரவிய எழுதுனது. எபநேசர்னு பேரு. இதப் படிச்சிட்டு அவிய வேலைய ராஜினாமா பண்ணிட்டாவ."

நான்காம் பாடம். வருகையைப் பற்றியது. பத்தாம் கேள்விக்கு மணிமணியான எழுத்தில் மூன்று கோடும் நிரம்பியிருந்தது. 'நான் என் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, விழித்திருந்து, அவருடைய வருகைக்காகக் காத்திருக்கலாம் என்று இருக்கிறேன். இது சரிதானா என்று தயவுசெய்து எழுதவும்.' அதற்குப் பக்கத்தில் பத்து மதிப்பெண். அதற்கும் பக்கத்தில் என் பச்சை மை: 'இப்படியே செய்யுங்கள்.'

அந்த மூன்று வரியை நான் அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன்.

எபநேசர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஹைதராபாத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ரெண்டாயிரம் பிறந்தவுடன் உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று அப்போது ஒரு பயம் இருந்ததல்லவா, அதைச் சரிசெய்யும் பிரிவு. அவருடைய மேனேஜர் தினமும் காலையில் பலகையில் 'இன்னும் இத்தனை நாள்' என்று எழுதிப் போட்டு, விமானம் விழும், கரண்ட் போகும் என்று ஒரு மணி நேரம் பேசுவாராம். மனுஷன் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் எங்கள் நான்காம் பாடம். இரண்டு சாட்சி ஒத்துப்போய்விட்டது.

"ரெண்டு வாரம் ஜெபம் பண்ணிட்டு, ஒரு அடையாளம் வேணும்னுதான் இத எழுதினாவ. நீங்க செய்யின்னுட்டீங்க" என்றார் மெர்சி. "நோட்டீஸ் ஒரு மாசம். லீவு மிச்சம் இருந்தத எடுத்துட்டு வீட்டுல இருக்காவ. மாசம் முடியிறதுக்குள்ள கடிதத்த வாபஸ் வாங்குனா சேத்துக்கிடுதேன்னு மேனேஜர் சொல்லுதாரு. ஊருல எங்கப்பா போன் பண்ணி மாப்பிள்ளை என்ன பண்ணுதாருன்னு கேட்டா, மொட்டமாடியில வானத்தப் பாத்துட்டு இருக்காவன்னா சொல்லுவேன்?"

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அம்மா, நான் இதைப் படிக்கவில்லை என்று சொல்லியிருந்தால், அவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சொல்லியிருப்பார், எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் இருபத்திரண்டு வருடத்துத் திருத்துநர் என்ற மரியாதை போய்விடுமே என்று பயந்தேன். "இரும்மா, ஐயாகிட்ட பேசிட்டு வர்றேன்" என்று எழுந்து போனேன்.

மருந்து எங்கள் பாடத்திலேயே இருந்தது. எட்டாம் பாடம். வருகை நெருங்கிவிட்டது என்று வேலையை விட்டுவிட்டுச் சும்மா திரிந்தவர்கள் அந்தக் காலத்துத் தெசலோனிக்கேயிலும் இருந்தார்கள். அவர்களை அப்போஸ்தலன் அங்கே நன்றாகக் கண்டிக்கிறான், உழைக்க மனமில்லாதவனுக்குச் சாப்பாடும் கிடையாது என்கிறான். உள்ளதைச் சொன்னால் நான்காம் அதிகாரத்திலும் அவரவர் கையால் வேலை செய்யச் சொல்லி ஒரு வரி உண்டு. பாடம் எட்டுப் பக்கத்துக்குள் அடங்கவில்லை என்று அச்சுக்குப் போகும்போது அந்த வரியையும் அதன் கேள்வியையும் வெட்டிவிட்டார்கள்.

"ஐயா, எட்டாம் பாடத்தை இப்பவே அந்தம்மா கையில குடுத்துடலாமா?" என்றேன்.

ஐயா ஸ்டோர் ரூமுக்குள் போனார். பத்து நிமிடம் கழித்து வந்தார்.

"அஞ்சு, ஆறு, ஏழு முடிக்காம எட்டு எப்படிப் பிரதர்? அப்போஸ்தலன் எழுதின வரிசைய நாம மாத்தலாமா?"

"அவசரம் ஐயா. ஒரு மாசந்தான் இருக்கு."

"அப்ப சீக்கிரமா எழுதச் சொல்லுங்க. ஆனா தபால்லதான் வரணும். உறை மேல முத்திரை இல்லாத தாளை நாம எடுக்கிறதில்ல. கையில வாங்கினா இது தபால் வழிப் பாடமா?"

ஆக, பந்தயம் தொடங்கியது. மெர்சி பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கணவர் எழுதி முடித்த தாளை எடுத்துக்கொண்டு மல்லாபூர் வருவார். எங்கள் வாசலுக்கு எதிரே தபால் நிலையம். அங்கே தாளைப் போட்டுவிட்டு, தெருவைக் கடந்து வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். தபால்காரர் ரஹீம் பாய் உறையில் முத்திரை குத்தி, அதே தெருவைக் கடந்து, அவர் கண் முன்னாலேயே கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார். முதல் நாள் பாய் அந்தப் பெண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கைக்கு சாப் யே தமாஷா?" என்று கேட்டார். எதற்கு இந்தக் கூத்து என்று எனக்கும்தான் தெரியவில்லை. "சட்டம் பாய், நக்கோ பூச்சோ" என்று, கேட்காதே என்பதை அவர் பாஷையிலேயே சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். திருத்திய தாளும் அடுத்த பாடமும் மறுபடி தபாலில்தான் குஷாய்குடா போகும். அதற்கு இரண்டு நாள், சில சமயம் மூன்று.

இந்தத் தாள்களை நான் படித்தேன். படித்ததில் பயம்தான் கூடியது. விழித்திருங்கள் என்ற ஐந்தாம் பாடத்துக்கு அவர் எழுதியிருந்தார்: 'இனி இரவில் தூங்கமாட்டேன். பகலில் மட்டும் தூங்குவேன்.' உபத்திரவத்தில் பொறுமையாயிருங்கள் என்ற ஆறாம் பாடத்துக்கு: 'என் மனைவியின் கண்ணீரையும் திட்டுகளையும் பொறுமையோடு சகித்துக்கொள்வேன்.' சீக்கிரமாய்க் கலங்காதிருங்கள் என்ற ஏழாம் பாடத்துக்கு: 'மேனேஜர் எத்தனை முறை போன் செய்தாலும் கலங்கமாட்டேன்.' எல்லாமே மூன்று கோடு நிரம்ப. எல்லாவற்றுக்கும் பத்து மதிப்பெண். தாள்களை மேலும் கீழும் மாற்றி அடுக்கி, எபநேசருக்கு மட்டும் 'ஆசீர்வாதம் உண்டாவதாக' வரும்படி பார்த்துக்கொண்டேன். என்னால் முடிந்த வீரம் அவ்வளவுதான்.

மெர்சி பெஞ்சில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பார். ஒரு நாள் கவனித்தேன். ஒரு பிள்ளை விடையைத் தப்பாகப் போட்டிருந்தது. அவர் முழுக் கணக்கையும் மேலிருந்து வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்து, எந்த வரியில் தடம் மாறியது என்று கண்டுபிடித்து அங்கே வட்டம் போட்டார். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நோட்டீஸ் முடிய ஐந்து நாள் இருக்கும்போது எட்டாம் பாடம் குஷாய்குடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று எனக்குச் சோறு ருசித்தது. மூன்றாம் நாள் மெர்சி வந்தார். தபால் நிலையத்துக்குப் போகவில்லை. முத்திரை இல்லாத உறையை என் மேஜையில் போட்டார்.

'நான் வேலை செய்வதில்லை. ஆகையால் இன்று முதல் நான் சாப்பிடுவதும் இல்லை. கீழ்ப்படிய எனக்குப் பெலன் கிடைக்க ஜெபியுங்கள்.'

"முந்தியாவது மூணு வேளையும் சாப்பிட்டுட்டு வானத்தப் பாத்தாவ" என்றார் மெர்சி. அவர் அழவில்லை. "ரெண்டு நாளா வெறுந் தண்ணி. இதுக்கும் பத்து மார்க்கா அய்யா?"

தாளை ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் படித்துப் பார்த்தார். ஸ்டோர் ரூம் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார், நின்றார். "முத்திரை இல்லையே பிரதர்" என்றார். நான் தாளை வாங்கிக்கொண்டு, அவரிடம் ஒன்றும் சொல்லாமல் மெர்சியோடு பஸ் ஏறினேன். மாணவர் வீட்டுக்குத் திருத்துநர் போகக் கூடாது என்பதும் சட்டம். அதைப் பிறகு அவர் நினைவுபடுத்தினார்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் எபநேசர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, மடியில் ஒரு சின்னப் பை. கன்னம் ஒட்டியிருந்தது. நான் யாரென்று மெர்சி சொன்னதும் எழுந்து நிற்கப் பார்த்தார், கால் தள்ளாடியது.

"அய்யா, நீங்களா? உக்காருங்க, உக்காருங்க. மெர்சி, அய்யாவுக்கு டீ போடு."

எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், "பையில என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"துண்டு, பிரஷ்ஷு, பேஸ்ட்டு. எத்தன நாள் பயணம்னு தெரியாதுல்லா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு சொன்னேன்: "தம்பி, நாலாம் பாடத்துல நீ எழுதினத நான் படிக்கல."

அவருக்குப் புரியவில்லை. "இப்படியே செய்யுங்கள்னு எழுதியிருந்தீங்களே?"

"மூணு கோடு ரொம்பியிருந்தா பத்து மார்க். அதுக்கு மேல எழுதுற வாசகம் வரிசைப்படி வரும். உன் தாளுக்கு முன்னால வந்த தாளுக்கு ஆசீர்வாதம். உன்னுதுக்கு 'இப்படியே செய்யுங்கள்'. ஒரு தாள் முந்தி வந்திருந்தா உனக்கும் ஆசீர்வாதந்தான் வந்திருக்கும்."

"வாசிக்கவே இல்லயா?"

"இல்ல."

"எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்."

"எத்தன வருசமா?"

"இருபத்திரண்டு."

எபநேசர் எழுந்துவிட்டார். இந்த முறை கால் தள்ளாடவில்லை. முகம் சிவந்துவிட்டது. "நான் ரெண்டு வாரம் முழங்கால்ல நின்னு எழுதினேன்யா! டெஸ்ட் பண்ணாம ஒரு புரோகிராம வெளிய அனுப்புனா எங்க ஆபீசுல அன்னைக்கே சீட்டக் கிழிச்சிருவான். நீங்க இருபத்திரண்டு வருசமா அனுப்பியிருக்கீய!" என்று கத்தினார். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தெலுங்கு அம்மா கையில் ஈரச் சேலையோடு நின்று எங்களைப் பார்த்தாள். கத்தட்டும் என்று இருந்தேன். பட்டினி கிடந்தவருக்கு அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்ததோ.

கத்தி முடித்ததும், "சரி" என்றார். "இப்ப வாசிச்சிட்டீங்கல்லா. இப்பச் சொல்லுங்க. நான் எழுதினது சரியா, தப்பா?"

அந்த மாதிரி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் நேருக்கு நேர் கேட்டதில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அதற்கு வாசகமும் இல்லை.

"தெரியல தம்பி" என்றேன். "நாளு எப்பன்னு எனக்குத் தெரியாது. இத்தன வருஷம் அந்தப் பாடத்தத் திருத்தியும் ஒரு நாள் காலையிலகூட நான் மேல நிமிந்து பாத்ததில்ல. உன் விசுவாசம் என்கிட்ட இல்ல. ஆனா நீ இப்படிச் சோறு இல்லாம இருக்கறத என்னால பாக்க முடியல. அது மட்டும் தெரியுது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பையைக் கீழே வைத்தார்.

"இதத்தான அய்யா அன்னைக்கே எழுதியிருக்கணும்" என்றார். "தெரியலன்னு ஒரு வார்த்த. நான் யோசிச்சிருப்பேன்லா."

மெர்சி டீயோடு படியேறி வந்தார். எபநேசர் டீயைப் பார்த்துவிட்டு, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டார். மெர்சி டீயைக் கீழே வைத்த வேகத்தில் பாதி என் செருப்பின் மேல் கொட்டியது.

நோட்டீசின் கடைசி நாள் அவர் கம்பெனிக்குப் போய்க் கடிதத்தை வாபஸ் வாங்கினார். மேனேஜர் பலகையில் அன்றைக்குரிய எண்ணை எழுதிவிட்டு அவருக்குக் கைகொடுத்தாராம். ரெண்டாயிரம் பிறந்தது, ஒன்றும் நிற்கவில்லை. எட்டாம் பாடத்தின் தாளை முத்திரையோடு மறுபடி அனுப்பினார். பத்தாம் கேள்விக்கு இரண்டு கோடுதான் எழுதியிருந்தார்: 'காத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பகல் நேரத்தில் ஆபீசில் இருப்பேன்.' சட்டப்படி ஏழு மதிப்பெண். நான் பத்து போட்டேன்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. குஷாய்குடாவிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில், எப்போதும்போல் அட்டையை எடுத்தேன், கீழே வைத்துவிட்டேன். முதல் தாளைப் படிக்க ஆரம்பித்தேன். மல்லாபூரில் ஏதோ ஆலையில் வேலை செய்யும் ஒரு அம்மா, கொட்டை எழுத்தில், கஷ்டப்பட்டு மூன்று கோட்டையும் நிரப்பியிருந்தார்.

'போன பாடத்தில் என் மகள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று எழுதினேன். மிக நன்று என்று பதில் எழுதினீர்கள். அதைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். நன்றி ஐயா.'

அன்று மாலைவரை நான் வேறு தாள் எதையும் தொடவில்லை. ஐயா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, அம்மா, நீங்கள் எழுதியதை நான் அன்றைக்குப் படிக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், மகளுடைய பெயர் என்ன என்று எழுதி, தெருவைக் கடந்துபோய்த் தபாலில் போட்டேன்.